எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

அக்டோபர் 27, திங்கள்

ஜனவரியில் ஒரு பாத்திரக்கடைக்காரர் மண்டபத்துக்குக் கொடுத்த டைரி இது. அக்டோபர் கடைசியில் திறக்கிறேன். காரணம், இன்று காலை ஐந்து பத்துக்கு எங்கள் டிவி செத்துப்போனது. தினமும் சாயங்காலம் சீரியல் மாமியார்களுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகிய வாய் இது, சும்மா இருக்காது. கைக்காவது வேலை கொடுப்போம்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை கேட்டிருக்கிறார்கள். சந்திரகலா. ஐம்பத்து நான்கு. இரத்த வகை தெரியாது, கொதிக்கிற வகை என்கிறார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி, கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் இங்கே கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். இருபத்திரண்டு வருஷத்தில் யார் யார் எந்தக் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்று தேதியோடு சொல்வேன்.

டிவி செத்த விதம்: இவர் வழக்கம்போல ஐந்து மணிக்கு யோகா நிகழ்ச்சியைப் போட்டு, செய்யாமல், பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று டியூப்லைட் தாலி கட்டும் நேரத்து வீடியோ விளக்கு மாதிரி அடித்தது. டப். புகை. ஐந்து வருஷத்தில் இது மூன்றாவது டிவி.

"நல்லவேள, நான் யோகா பண்ணல" என்றார் இவர்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் இருப்பவள் ஹேமா, என் தங்கை. அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்து நடுக்கூடத்தில் சுவர் எழுப்பினோம். ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டார், ஒரே மகன் ஓசூரில். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். 'மாவு ஹேமா' என்றால் எங்கள் பக்கத்தில் நாய்க்கும் தெரியும். நான் சுவரில் காது வைப்பதில்லை. சுவர்தான் என் காதில் வந்து சாய்கிறது.

அக்டோபர் 29

கடைமாவு இட்லி. பஞ்சு. எந்தக் கடை என்று நான் இவரைக் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. முப்பது வருஷமாக எங்கள் குடும்பம் இப்படித்தான் நடக்கிறது.

அக்டோபர் 31, வெள்ளி

மண்டபத்துக்குப் பெரிய ஜெனரேட்டர் வந்துவிட்டது. சமையல்கட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த சின்னதை முதலாளி என் தலையில் கட்டினார், தீபாவளிக்குக் கொடுக்க மறந்த புடவைக்குப் பதிலாக. தள்ளுவண்டியில் அது தெருவுக்குள் வந்தபோது மாப்பிள்ளை அழைப்பு மாதிரி ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். கொல்லையில் வெட்டவெளியில், தகரக் கூரைக்கு அடியில் வைத்தாயிற்று. புயல் மாதம் வருகிறது. இந்தத் தெருவில் விளக்கெரியும் ஒரே வீடு என் வீடாக இருக்கும் என்று நினைத்தபோதே எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடியது.

கூடவே 'சர்ஜ் புரொடெக்டர்' என்று ஒரு பெட்டியும் வாங்கினேன். பச்சை விளக்கு எரிந்தால் வீடு பத்திரம் என்றார் கடைக்காரர்.

இவர் ஏதோ வீடியோவைப் பார்த்து, இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த ஒயர் ஒன்றைத் தயாரித்திருந்தார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை கூடத்துச் சுவிட்ச் போர்டில். வீடு முழுக்க ஜெகஜோதி என்பது திட்டம். மண்டபத்து எலக்ட்ரீஷியன் மரியதாஸ் வந்து பார்த்தார். அவருக்குப் பேச்சு குறைவு. சட்டைப்பையில் டெஸ்டர், கையில் கட்டிங் பிளேயர். ஒயரை வாங்கி நடுவில் நறுக்கினார்.

"சார், இத மாட்டுனா கரண்ட் ஒங்க வீட்டோட நிக்காது, தெருவுக்குப் போவும். லைன் செத்துக் கெடக்குன்னு ஒருத்தன் கம்பத்துல ஏறுவான். அவனுக்கும் வீட்ல பொண்டாட்டி இருக்கா."

இவர் கைக்கொரு துண்டாக ஒயரை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவு வாடிப்போன முகத்தை எங்கள் கல்யாண ஆல்பத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மரியதாஸ் சொன்னது இது: சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட வேண்டும். கைப்பிடி மேலே இருந்தால் தெருக் கரண்ட், கீழே இறக்கினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளாது. "எங்க வீட்டுச் சுவர் மாதிரியா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பச்சை விளக்குப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இடி மின்னலுக்குக்கா. கண்ணிமைக்கிற நேரம் வர்ற அடிய வாங்கி எர்த்துல எறக்கிடும். ஒங்களுக்கு மூணு டிவியும் போனது காலைல, அதே நேரத்துலன்னு சொல்றீங்க. அது வேற ஏதோ."

நவம்பர் 2, ஞாயிறு

இட்லியைப் பிட்டுக்கொண்டே இவர், "ஹேமா வீட்ட விக்கிறாளாம்" என்றார்.

"யார் சொன்னா?"

"கடையில பேசிக்கிட்டாங்க."

"எந்தக் கடை?"

"மாவுக்கடை."

அதற்குமேல் நான் கிளறவில்லை. ஆனால் ஒரு மாவுக்கடைக்கு இவ்வளவு விவரம் கொஞ்சம் அதிகம். நாலு வருஷத்தில் மூன்று கிரைண்டர் மோட்டார் எரிந்துவிட்டதாம். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் தனி. 'அது ராசியில்லாத வீடும்மா, வித்துட்டு இங்க வந்துடு' என்று மகன் நச்சரிக்கிறானாம். கார்த்திகையில் நல்ல நாள் பார்த்து, வருகிற 27ஆம் தேதி அக்ரிமென்ட்.

போகட்டும். காலை ஐந்து மணிக்கு நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கென்ன.

வானம் இருட்டிக்கொண்டு வந்ததால் மாடியில் வடகம் காயவைக்கப் போனேன். தற்செயலாக அந்த நேரம்தான் தரகர் ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் வாசலில் நின்று எங்கள் ஜன்னலைக் காட்டிச் சிரித்தாள். சிரிக்கக்கூடியதுதான். கூடத்துக்குத் தெருப்பக்கம் ஒரே பெரிய ஜன்னல். சுவர் எழுப்பும்போது அது எனக்கு என்று நானும் தனக்கு என்று அவளும் நின்றதில், கொத்தனார் வெறுத்துப்போய் சுவரை ஜன்னலின் நட்டநடுவில் கொண்டுவந்து முட்டவைத்தார். ஆளுக்கு ஒரு கதவு. அவள் திறந்தால் நான் சாத்துவேன்.

வடகம் நனைந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

மரியதாஸ் காலையில் வந்து என் மெயின் போர்டுக்குப் பக்கத்தில் சேஞ்ச் ஓவரை மாட்டினார். ஜெனரேட்டரைக் கிளப்பினார். கைப்பிடியை இறக்கினார். எங்கள் ஃபேன் சுற்றியது. இவர் கைதட்டினார். அடுத்த நொடி சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் முனகி நின்றது. பிறகு ஒரு குரல்:

"எவ அவ என் கரண்ட்டப் புடுங்குனது!"

அந்த 'எவ' நான்தான். ஒன்பது வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை. குரல் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் தடித்திருக்கிறது. சளி பிடித்திருக்குமோ.

மரியதாஸ் கைப்பிடியை மேலே தூக்கினார். கிரைண்டர் ஓடியது. இறக்கினார், நின்றது. மூன்று தடவை. மூன்றாவது தடவை அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை எழுதினால் பாத்திரக்கடைக்காரர் அடுத்த வருஷம் டைரி தரமாட்டார்.

மரியதாஸ் ஜெனரேட்டரை நிறுத்தினார். டெஸ்டரும் மீட்டருமாக அரை மணி நேரம் போர்டுக்குள் தலையை விட்டிருந்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"அக்கா, கரண்ட்டுன்னா போவணும், திரும்பி வரணும். போறதுக்கு ஃபேஸ், திரும்பறதுக்கு நியூட்ரல். ஒங்களுக்கும் அவங்களுக்கும் போற வழி தனித்தனி. திரும்பற வழி ஒண்ணு. அவங்க வீட்டுக் கரண்ட் மொத்தமும் ஒங்க சொவத்துக்குள்ள பூந்து ஒங்க போர்டு வழியாத்தான் வெளிய போவுது."

"அதனால என்ன?"

"அந்த ஜாயின்ட் எங்கியோ சொவத்துக்குள்ள லூசாயிருக்கு. லூசானா ரெண்டு வீடும் ஒண்ண ஒண்ணு இழுக்கும். அவங்க கிரைண்டரப் போட்டா ஒங்க பக்கம் வோல்டேஜ் ஏறும், டிவி போவும். நீங்க கீசர் போட்டா அவங்க பக்கம் ஏறும்."

"ஏறினா?"

"மோட்டார் எரியும்."

நான் தினமும் ஐந்தரை மணிக்கு கீசர் போடுகிறவள்.

"இருக்கற லைன அப்படியே வுட்டுட்டு யாரோ அவசரத்துல ஃபேஸ மட்டும் மாத்திக் குடுத்திருக்கான். புதுசா நியூட்ரல் இழுக்கணும்னா ஒங்க பக்கச் சொவத்தக் கொத்தியிருக்கணும். ஏன் கொத்தலன்னு தெரியல. யாருக்கா பண்ணது?"

யாரோ. எனக்கு எப்படித் தெரியும்.

சரிசெய்கிற வரையில் ஜெனரேட்டரை வீட்டு ஒயரோடு சேர்க்கக்கூடாது என்று கைப்பிடியை மேலே வைத்துக் கம்பியால் கட்டிவிட்டுப் போனார். அவள் கிரைண்டர் ஓடும் நேரத்தில் கீசர் வேண்டாம், மற்ற நேரம் பரவாயில்லை என்றார்.

நவம்பர் 6

பச்சைத் தண்ணீரில் குளித்தேன். தோலுக்கு நல்லதாம்.

நவம்பர் 7

பச்சைத் தண்ணீர். "கிரைண்டர்தான் நின்னுடுச்சே, இப்ப போட்டுக்கயேன்" என்றார் இவர். தோல் விஷயத்தில் இவருக்கு என்ன தெரியும்.

நவம்பர் 9, ஞாயிறு

மூக்கடைப்பு. மண்டபத்தில் இன்று இரண்டு முகூர்த்தம். இரண்டாவதில் பெண்ணின் அக்கா பந்தியில் பாயசம் போதவில்லை என்று தூணுக்குப் பின்னால் நின்று அழுதாள். பாயசத்துக்காக யாரும் அவ்வளவு அழமாட்டார்கள். தங்கை ஊரை விட்டுப் போகிறாள், அதற்கு அழுகிறாள். அவளுக்கு நானே ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது இருக்கட்டும்.

புதன்கிழமை பக்கத்தில் 'யாரோ' என்று எழுதியிருக்கிறேன். டைரியை இவர் படிப்பதில்லை, ஹேமா படிக்கப்போவதில்லை, பின் யாரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

சுவர் எழுப்பின மாதம். ஹேமா தன் பக்கத்துக்குத் தனி மீட்டர் வாங்கினாள். ஒரு ஒயர்மேன் வந்து என் வாசலில் நின்று, "அம்மா, ஒங்க பக்கச் சொவத்துல ஒரு மூணு அடி கொத்தணும், பழைய லைனப் பிரிச்சு வுடணும்" என்றான். அந்த வாரம்தான் பெயிண்ட் அடித்து முடித்திருந்தேன். மாம்பழ மஞ்சள். அதுவும் போக ஜன்னல் சண்டையின் சூடு ஆறவில்லை. "என் சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்க விடமாட்டேன், அவ இருட்டுலயே கெடக்கட்டும்" என்றேன். அவளுக்குக் கேட்கும்படிதான் சொன்னேன். அவன் போய்விட்டான். சாயங்காலம் அவள் வீட்டில் விளக்கெரிந்தது. எப்படி எரிகிறது என்று அப்போது ஒரு நிமிஷம் யோசித்தேன். ஒரே ஒரு நிமிஷம்.

மாம்பழ மஞ்சள் இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிர்ந்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

மரியதாஸ் எர்த் பார்க்க வந்தார். எர்த் சரியில்லாவிட்டால் என் பச்சை விளக்குப் பெட்டி வெறும் பச்சை விளக்குதானாம்.

எர்த் குழி அப்பா காலத்தது. கொல்லையில் ஆழமாகத் தோண்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டி மூடியது. பிரிவினையில் ஹேமா பக்கம் போய்விட்டது. மரியதாஸ் அந்தப் பக்கம் போனார். அவள் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. சுவர் சில நாள் ஒத்துழைப்பதில்லை. திரும்பி வந்தவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத மலர்ச்சி.

"என்னா எர்த்துக்கா! சித்திர வெயில்ல கூட காஞ்சிருக்காது போல. ரெண்டு வீட்டுக்கும் அது ஒண்ணுதான். அவங்க தெனம் அரிசி களைஞ்ச தண்ணி ஒரு கொடம் அதுல ஊத்தறாங்களாம். ஒம்போது வருஷமா."

பிறகு என் குளியலறையைப் பார்த்தார். கீசரில் டெஸ்டரை வைத்தார், மீட்டரை வைத்தார், மெயினை நிறுத்திவிட்டு ஒயரைக் கழற்றினார்.

"இது பாடிக்குக் கரண்ட் கசியுதுக்கா. எத்தன மாசமோ. அந்தக் குழி ஈரமா இருந்ததால அது பாட்டுக்கு அங்க எறங்கிப் போயிருக்கு. குழி மட்டும் காஞ்சிருந்தா, நீங்க ஈரக்கையோட..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். மரியதாஸ் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அந்த நிறுத்தினதுதான்.

இன்று எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 15, சனி

சுவரைக் கொத்தி நியூட்ரலைப் பிரிக்க இரண்டு வீட்டு மெயினையும் ஒருநாள் நிறுத்தவேண்டும். மரியதாஸ் ஹேமாவிடம் கேட்டாராம். "விக்கப்போற வீட்டுல எதுக்கு? வாங்கறவங்க பாத்துக்குவாங்க" என்றாளாம். சுவரை ஏன் கொத்தவேண்டும் என்ற காரணத்தை அவர் அவளிடம் சொல்லவில்லை. "அத நீங்கதான் சொல்லணும்" என்று என்னைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன்களுக்கு இவ்வளவு புத்தி இருக்கக்கூடாது.

நவம்பர் 17

ஹேமாவுக்குக் கடிதம் எழுதினேன். 'அன்புள்ள' என்று தொடங்கினால் நாடகமாக இருக்கிறது. 'ஹேமாவுக்கு' என்றால் வக்கீல் நோட்டீஸ். மண்டபத்து லெட்டர்ஹெட்டில் எழுதியதால், மூன்றாவது முயற்சி 'தங்கள் விசேஷம் இனிதே நடைபெற' என்று முடிந்துவிட்டது. கிழித்தேன். இன்னும் பத்து நாள்.

நவம்பர் 20, வியாழன்

புயல் எச்சரிக்கை. மண்டபத்தில் பந்தலைப் பிரிக்கச் சொன்னேன். வீட்டில் இவர் மெழுகுவத்தி, தீப்பெட்டி, மாவு எல்லாம் சேர்த்துவைத்திருக்கிறார். மாவு மூன்று கிலோ.

நவம்பர் 21

காற்று. மத்தியானம் கரண்ட் போனது. எதிர்வீட்டு முருங்கை ஒயரின் மேல் படுத்திருக்கிறது.

நவம்பர் 22, சனி

ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. மழை விட்டிருந்தது. சுவரில் சத்தம் இல்லை. ஒன்பது வருஷமாக வேண்டிக்கேட்ட அமைதி, கேட்டபடியே கிடைத்தது. பத்து நிமிஷம் அனுபவித்தேன். அதற்குமேல் முடியவில்லை.

முந்தின நாளே அரிசி ஊறப்போட்டிருப்பாள். நாற்பது வீட்டு மாவு. சாயங்காலத்துக்குள் அரைக்காவிட்டால் எல்லாம் கொல்லையில் கொட்டவேண்டியதுதான். மரியதாஸுக்குப் போன் போட்டு ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டேன். வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். என் வாசலிலிருந்து அவள் வாசலுக்குப் பதினாறு அடி. எண்ணினேன்.

கதவு திறந்திருந்தது. மூன்று அண்டா அரிசிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"மாவு இல்ல" என்றாள்.

"மாவுக்கு வரல."

"பின்ன?"

"என் ஜெனரேட்டர் சும்மா கெடக்கு. வீட்டு ஒயர்ல சேக்கக்கூடாது. ஆனா கிரைண்டரக் கொல்லைக்குத் தூக்கிட்டு வந்து நேரா அதுலயே மாட்டி ஓட்டலாம். மரியதாஸக் கேட்டுட்டேன்."

"ஒன் கரண்ட் எனக்கு எதுக்கு?"

"ஒன் கரண்ட்டுதான் ஒம்போது வருஷமா என் சுவத்துக்குள்ள போயிட்டு இருக்கு" என்று ஆரம்பித்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர்மேன் வந்தது, மூன்று அடி கேட்டது, நான் துரத்தினது, லூசான ஜாயின்ட், என் கீசர். மூடாத என் வாய்க்கே மூச்சு வாங்கியது. அவள் அரிசிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"மூணு மோட்டாரு."

"ஆமா."

"மிக்ஸி. ஃபிரிட்ஜி."

"எனக்கும் மூணு டிவி போச்சு."

"அத ஏன் இப்ப சொல்ற?"

"சும்மா சொன்னேன்."

"வீடே ராசியில்லன்னு எம்புள்ள சொல்றான். நானும் நம்பி ரெண்டு கோயிலுக்கு நடந்தேன். எல்லாம் அந்த மஞ்ச பெயிண்ட்டுக்கா?"

"மாம்பழ மஞ்சள்."

"அது வாந்தி மஞ்சள்டி."

டி. நான் அவளைவிட நாலு வயது மூத்தவள். சின்ன வயதில் சண்டை முடியப்போகும்போதுதான் அவளுக்கு டி வரும். அவளுக்கு ஞாபகம் இருந்ததா, தெரியாது.

"நீ ஏன் அந்தக் குழிக்குத் தண்ணி ஊத்துன?" என்று கேட்டேன்.

"அப்பா சொன்னாங்க. அதக் காயவுடக் கூடாதுன்னு. ரெண்டா பிரிச்சாலும் ரெண்டு வீட்டுக்கும் அதானே எர்த்து."

"என் மேல கோவமாத்தானே இருந்தே?"

"கோவம் வேற. ஷாக்கடிச்சு நீ போயிட்டா நான் யார் மேல கோவமா இருக்கறது?" என்று எழுந்து கையை உதறினாள். "அந்தப் பக்கம் புடி. கல்லு கனம்."

ஜெனரேட்டரைக் கொல்லை ஓரத்துக்குத் தள்ளி, தள்ளி நின்று, கத்திக் கத்திப் பேசிக்கொண்டு மத்தியானம் வரை அரைத்தோம். அந்த இரைச்சலில் பாதி எனக்குக் கேட்கவில்லை. ஒன்பது வருஷப் பாக்கியைத் தீர்க்க அதுதான் வசதி. அண்டா மாற்ற ஒருமுறை ஜெனரேட்டரை நிறுத்தினபோது, தேய்த்த சட்டையோடு வந்து நின்ற இவரைப் பார்த்து ஹேமா கேட்டாள்:

"மாமா, இன்னிக்கும் மூணு கிலோவா, ரெண்டு போதுமா?"

இவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கலைந்துவிட்டதாகச் சொன்னார்.

27ஆம் தேதி பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

நேற்று கரண்ட் வந்தது. இன்று மரியதாஸ் இரண்டு மெயினையும் நிறுத்திவிட்டு என் சுவரைக் கொத்தினார். ஹேமா வந்து நின்று பார்த்தாள். சுவர் வந்தபிறகு என் வீட்டுக்குள் அவள் வருவது முதல் தடவை. "கூடம் இவ்ளோ சின்னதாயிடுச்சா" என்றாள். அவள் பக்கத்துக் கூடமும் அதே அளவுதான்.

மூன்றாவது அடியில் அகப்பட்டது. அந்த ஒயர்மேன் அவள் பக்கத்திலிருந்தே இரண்டு செம்புக் கம்பியை முறுக்கி, அதன்மேல் டேப் கூட இல்லாமல் பிஸ்கெட் பாக்கெட் காகிதத்தைச் சுற்றி வைத்திருக்கிறான். கருகி, கட்டைவிரல் அளவில் ஒரு கரித்துண்டு. மரியதாஸ் வெட்டி எடுத்துக் கொடுத்தார். ஹேமா உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனூண்டா?" என்றாள்.

முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மகனுக்குக் காட்டவாம்.

நவம்பர் 26, புதன்

நியூட்ரல் பிரிந்தது. என் போர்டில் ஒரு சர்ஜ் பெட்டி, அவள் போர்டில் ஒன்று. கீசர் புதுசு. மரியதாஸ் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சேஞ்ச் ஓவர் போடலாம் என்றார். வீட்டுக்கு ஒரு ஃபேஸ், ஒரு நியூட்ரல் என்று நாலு கம்பியும் தனித்தனியாக மாறும், ஒரே கைப்பிடி. ஜெனரேட்டர் இரண்டு வீட்டு விளக்கையும் ஃபேனையும் தாங்கும். "கைப்பிடி எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்றார்.

"அவ பக்கம்" என்றேன்.

இவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய், "ஒனக்குப் பைத்தியமா? நாளைக்கு அக்ரிமென்ட்டு. நம்ம ஜெனரேட்டரு, நம்ம கொல்லை. கரண்ட் போற ஒவ்வொரு தடவையும் வீடு வாங்கறவன்கிட்டப் போய் நிப்பியா?" என்றார்.

மாட்டியாகிவிட்டது. அவள் பக்கம்.

நவம்பர் 27, வியாழன்

மண்டபத்துக்கு அரைநாள் லீவு. மூட்டுவலி. மாடிக்குப் போகவில்லை. என் பாதி ஜன்னல் கதவைத் திறந்து நின்றேன், காற்றுக்காக. அவள் பாதியும் திறந்திருந்தது.

பத்து மணிக்குத் தரகரும் அந்தக் கணவன் மனைவியும் வந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ. நாற்காலி இழுக்கும் சத்தம். பிறகு ஹேமாவின் குரல்.

"ஒக்காருங்க. ஒரு விஷயம். அந்தச் சொவத்துல ஒரு கைப்பிடி இருக்கு பாத்தீங்களா?"

"புதுசா இருக்கே" என்றார் தரகர்.

"கரண்ட் போனா அதக் கீழ எறக்கணும். எறக்குனாத்தான் எங்கக்கா வீட்ல லைட்டு எரியும். நீங்க எறக்கி வுடுவீங்களா?"

"அதக் கழட்டி அந்தப் பக்கமே மாட்டிடலாமே" என்றாள் அந்தப் பெண், ஜன்னலைப் பார்த்துச் சிரித்தவள்.

"மாட்டலாம். ஆனா எங்கக்கா ஒரு மாதிரி. அவ சொவத்துல ஆணி கூட அடிக்க வுடமாட்டா."

மூன்று அடி கொத்தின சுவருக்குப் பக்கத்தில், சிமெண்ட் தூசியில் நின்றுகொண்டு இதைக் கேட்டேன்.

தரகர் ஏதோ நீளமாகச் சொன்னார். நல்ல நாள், கொடுத்த வாக்கு, மகன். "எம்புள்ளகிட்ட ராத்திரியே பேசிட்டேன்" என்றாள் ஹேமா. "கரித்துண்ட போட்டோ எடுத்து அனுப்புனேன். ராசின்னு சொல்ல அவனுக்கு வாய் வரல. பொங்கலுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வரேன்னுட்டேன். காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க."

வெற்றிலைத் தட்டு வந்த வழியே திரும்பிப் போனதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கண்ணில் சிமெண்ட் தூசி.

நவம்பர் 28

காலையில் ஒரு குடம் எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போனேன். "ரெண்டு வீட்டுக் குழிதானே, ஒருநாள் விட்டு ஒருநாள் நான் ஊத்தறேன்" என்றேன். அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்து, "பைப்புத் தண்ணியா? அரிசி களைஞ்ச தண்ணி ஊத்து" என்றாள். எர்த்துக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான் என்று மரியதாஸ் சொல்லியிருக்கிறார். ஆனாலும் வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

இட்லி. ஹேமா மாவு. பெயர் சொல்லிச் சாப்பிட்டோம். இவருக்கு அவ்வளவு ருசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆறே காலுக்குக் கரண்ட் போனது. கொல்லைக்குப் போய் ஜெனரேட்டரைக் கிளப்பினேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கூடத்துக்கு வந்து பாதி ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"ஏ ஹேமா! எறக்குடி!"

"கையெல்லாம் மாவு! கழுவிட்டு வரேன், அங்கியே இருப்பியா?"

"இங்கதான் இருக்கேன்."

பின்னால் இவர் இருட்டில் எதிலோ முட்டிக்கொண்டு, சீக்கிரம் இறக்கச் சொல்லு என்றார். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நன்றாகக் கழுவட்டும். எனக்கு அவசரமில்லை.